மஞ்சள் முதல் கண்வலிக்கிழங்கு வரை: வலி, வீக்கம், மூலிகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராபுரம் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். மருந்தாளுநர் படிப்பு முடித்து இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் ஒரு ஆத்தா, மூட்டுவலி மாத்திரைச் சீட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே, "ஏனுங்க தம்பி, இதையெல்லாம் நிறுத்திப்போட்டு மஞ்சள் மாத்திரை மட்டும் சாப்பிட்டாப் போதும்னு பேரன் சொல்றானுங்க. சரிங்களா?" என்று கேட்டார். கடையில் கூட்டம். இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்கும், அதோடு சேர்ந்து வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

அழற்சி என்கிறார்களே, அது என்ன? வீக்கமும் அதுவும் ஒன்றா?

அழல் என்றால் நெருப்பு. அதிலிருந்து வந்த சொல்தான் அழற்சி. காலில் முள் குத்திய இடத்தைப் பாருங்கள். சிவக்கும், வீங்கும், தொட்டால் சுடும், வலிக்கும். ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த நான்கு அடையாளங்களையும் எழுதி வைத்திருக்கிறார். வீக்கம் அந்த நான்கில் ஒன்று.

அழற்சி நம் எதிரி அல்ல. கிருமியைக் கொல்லவும் புண்ணை ஆற்றவும் உடம்பு ரத்த வெள்ளையணுக்களை அந்த இடத்துக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அந்த நெருப்பு தானாக அணைய வேண்டும். அணையாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கனன்றுகொண்டே இருந்தால்தான் தொல்லை. முடக்கு வாதத்தில் உடம்பே தன் மூட்டைத் தாக்குகிறது. யூரிக் ஆசிட் வாதத்தில் மூட்டுக்குள் படிந்த ஊசி போன்ற படிகங்களை எதிர்த்து வெள்ளையணுக்கள் சண்டை போடுகின்றன. வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்தில் அழற்சி கொஞ்சம், தேய்வு நிறைய. மூன்றையும் நாம் 'மூட்டுவலி' என்ற ஒரே பெயரில் சொல்கிறோம். ஒருவருக்குக் கேட்ட மருந்து பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

செடியில் இருக்கும் பொருள் உண்மையிலேயே அழற்சியைக் குறைக்குமா, இல்லை நம்பிக்கைதானா?

குறைக்கும். சந்தேகமே வேண்டாம். 1763-ல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ மரப்பட்டையைக் காயவைத்து இடித்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்ததில் பலன் இருந்தது என்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டையில் இருந்தது சாலிசின். அந்த வழியில் வந்த சாலிசிலிக் அமிலம் வயிற்றை அரித்தது. 1897-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியில் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் ஆஸ்பிரின். அது எப்படி வேலை செய்கிறது என்பது 1971-ல்தான் தெரிந்தது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை அது தடுக்கிறது என்று ஜான் வேன் காட்டினார். அதற்கு 1982-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆக, செடிக்குச் சக்தி உண்டா என்று கேட்பதில் பயனில்லை. அந்தப் பொருள் வாய் வழியாகப் போய், குடலைத் தாண்டி, ரத்தத்தில் ஏறி, வலிக்கிற மூட்டுக்கு வேண்டிய அளவு போய்ச் சேருகிறதா என்றுதான் கேட்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

மஞ்சளில் எது வேலை செய்கிறது?

குர்குமின் என்ற மஞ்சள் நிறப்பொருள். பிரான்சில் வோகல், பெல்லெத்தியே என்ற இருவர் 1815-ல் இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். அதன் வேதி அமைப்பு 1910-ல் தெரிந்தது. பெல்லெத்தியே என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பயிர் ஒன்றைப் பற்றிப் பேசும்போது மறுபடி வருவார்.

ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கும் செல்கள்மீது குர்குமினை விட்டால், அழற்சியைத் தூண்டும் பல கட்டளைகள் அடங்குகின்றன. செல்லுக்குள் அழற்சிக்கான மெயின் சுவிட்ச் மாதிரி இருக்கும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதம் அதில் ஒன்று. இதை வைத்து ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. தட்டில் உள்ள செல்லுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை என்பதை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது.

தினமும் குழம்பில், ரசத்தில் மஞ்சள் போடுகிறோமே. அது போதாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்றால் அதில் குர்குமின் ஏறக்குறைய 90 மில்லிகிராம். மூட்டுவலி ஆய்வுகளில் கொடுப்பது நாளொன்றுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல். அந்த அளவு குர்குமின் வேண்டுமென்றால் தினமும் பன்னிரண்டு டீஸ்பூனுக்குக் குறையாமல் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும். ஒரு குடும்பத்துக் குழம்புக்கே நாம் போடுவது அரை ஸ்பூன்தான்.

அதனால் சமையல் மஞ்சளை மருந்தாக எண்ண வேண்டாம், உணவாக எண்ணுங்கள். நல்ல உணவு, காலம் காலமாகச் சாப்பிட்டு உடம்புக்குப் பழகியது. அதில் பயப்பட ஒன்றுமில்லை.

மஞ்சளோடு மிளகு சேர்த்தால் 2000 சதவீதம் அதிகமாக உடம்பில் சேரும் என்கிறார்களே?

அந்த எண் பொய் அல்ல. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளியான ஆய்வில் இருந்து வந்தது. 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் அளவு 20 மடங்கு கூடியது.

ஆனால் எதிலிருந்து 20 மடங்கு என்பதைப் பார்க்க வேண்டும். குர்குமின் தண்ணீரில் கரையாது. குடலிலும் கல்லீரலிலும் உடம்பு அதை உடனுக்குடன் வேறொன்றோடு இணைத்து வெளியே தள்ளிவிடுகிறது. தனியாக 2 கிராம் விழுங்கியவர்களின் ரத்தத்தில் அது இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். ஒன்றுமில்லாததை 20 மடங்கு ஆக்கினால் கொஞ்சம் கிடைக்கும். அதுவும் ஒரு மணி நேரம் போல நின்றுவிட்டுக் குறைந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிளகு இதைச் செய்வது, பொருட்களை வெளியே தள்ளும் கல்லீரலின் வேலையை மெதுவாக்கித்தான். அந்த மெத்தனம் குர்குமினுக்கு மட்டும் நடப்பதில்லை. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறும். மஞ்சள் பாலில் ஏழெட்டு மிளகு தட்டிப் போட்டு எப்போதாவது குடிப்பதை நான் சொல்லவில்லை. தினமும் பைப்பரின் சேர்த்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கூடவே வேறு மருந்தும் சாப்பிடுகிறவர்களாக இருந்தால், டாக்டரிடம் டப்பாவைக் காட்டிக் கேளுங்கள்.

மூட்டுத் தேய்மானத்துக்கு மனிதர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

நிறைய. இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் சேர்ந்துதான் முழுப் படம் தருகின்றன.

தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு தினமும் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு (தூள் அல்ல, செறிவூட்டியது), இன்னொரு பிரிவுக்கு வலி மாத்திரையான இபுபுரூஃபன் 1200 மில்லிகிராம். நான்கு வாரம். வலி குறைந்ததில் மஞ்சள் பின்தங்கவில்லை. வயிற்று உபாதை மஞ்சள் பிரிவில் குறைவு. முடிவு 2014-ல் வெளியானது. நல்ல செய்திதான். ஆனால் வெறும் மாவு மாத்திரை கொடுத்த மூன்றாவது பிரிவு அதில் இல்லை. மூட்டுவலி நாளுக்கு நாள் தானாகவே ஏறி இறங்கும் வலி. அந்த மூன்றாவது பிரிவு இருந்தால்தான் மருந்தின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அதைச் செய்தார்கள். முழங்காலில் நீர் கோத்த 70 பேர், பாதிப் பேருக்கு மஞ்சள் சாறு, பாதிப் பேருக்கு மாவு மாத்திரை, 12 வாரம். 2020-ல் முடிவு வந்தது. மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது மூட்டுக்குள் இருந்த நீரும் சவ்வு வீக்கமும் குறையவில்லை.

எனக்கு இந்த முடிவு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வலி குறைந்தது, வீக்கம் அப்படியே இருந்தது. அப்படியானால் மஞ்சள் செய்தது அழற்சியைத் தணித்த வேலைதானா? நாம் சொல்லிக்கொண்டிருக்கும் காரணமும் அது உண்மையில் வேலை செய்யும் விதமும் வேறு வேறாக இருக்கலாம். வலி குறைவதே பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வலி குறைந்தது என்பதை வைத்து உள்ளே நோய் அடங்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இத்தனை ஆய்வுகள் 'ஆகா' என்று சொன்னபிறகும் ஏன் இது பெரிய மருந்தாக வரவில்லை?

2017-ல் மருந்து வேதியியல் அறிஞர்கள் சிலர் குர்குமின் பற்றி வந்தவற்றை எல்லாம் அலசினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட மனித ஆய்வுகள் நடந்தும், யாருக்கு எது என்று டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் மறைத்து மாவு மாத்திரையோடு ஒப்பிட்டதில் ஐயமில்லாத வெற்றி ஒன்றுகூட இல்லை என்று எழுதினார்கள். ஒரு காரணம் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. பல சோதனைகளில் மருந்து வேலை செய்ததா என்பதை நிறம் மாறுவதையோ ஒளிர்வதையோ வைத்து அளப்பார்கள். குர்குமின் தானே ஆழ்ந்த மஞ்சள் நிறம், தானே ஒளிரும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும். அதனால் வேலை செய்யாத இடத்திலும் செய்ததுபோல் காட்டிவிடும்.

சுளுக்குக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுகிறோம். அது சரியா?

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு கலந்ததும் ரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். காரத்தன்மை பட்டதும் குர்குமினின் அமைப்பு மாறுகிறது, அதனால்தான் அந்தச் சிவப்பு. காரத்தில் அது நீண்ட நேரம் நிலைக்காமல் உடைந்தும் போகும். ரத்தத்தின் அளவுக்கு லேசான காரத்தன்மை உள்ள கரைசலிலேயே அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துவிடுவதை 1997-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

எனவே பற்றில் வரும் சுகத்தில் பெரும்பங்கு அந்தச் சூடு, காயும்போது இறுக்கிப் பிடிப்பது, காலை அசைக்காமல் வைத்திருப்பது, போட்டுவிடும் கையின் அக்கறை இவற்றுக்குத்தான் என்று நினைக்கிறேன். சுளுக்குக்குப் போடுங்கள், தவறில்லை. சுண்ணாம்பு கூடினால் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் போடவே போடாதீர்கள், சுடுவது அவர்களுக்குத் தெரியாது.

புண்ணில் மஞ்சள் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். நம் நாட்டு அரசு அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்து, இது எங்கள் வீடுகளில் காலங்காலமாக இருப்பதுதான் என்று பழைய நூல்களைக் காட்டி வாதாடி, 1997-ல் ரத்து செய்ய வைத்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு, மஞ்சள் வைப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்று சொன்னதே தவிர, எல்லாப் புண்ணும் ஆறும் என்று சொல்லவில்லை. ஆழமான புண்ணுக்குச் சுத்தமான தண்ணீரும் தையலும் டி.டி. ஊசியும்தான்.

எங்கள் ஊர்க் கண்வலிக்கிழங்கில் இருந்து வெளிநாட்டில் மருந்து செய்கிறார்களாமே?

இந்தக் கேள்வி கேட்டால் நான் கவுண்டரை விட்டு வெளியே வந்துவிடுவேன்!

மாநில மலரான செங்காந்தள்தான் இங்கே கண்வலிக்கிழங்கு. கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி பக்கம் பந்தல் கட்டிப் பயிர் செய்கிறார்கள். ஐப்பசி வாக்கில் ஒரு காலையில் அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கம்பியைப் பிடித்திருக்கும். பூ விரியும்போது இதழ் அடியில் பச்சை மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் தீச்சுடர் மாதிரி சிவப்பு, இதழ்கள் எல்லாம் பின்னால் மடங்கி நிற்கும். சூல்தண்டு பக்கவாட்டில் செங்குத்தாக மடங்கிக்கொண்டு மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் காய் தானாகச் சரியாகப் பிடிக்காது. பெண்கள் வரிசையாக நின்று, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் கையாலேயே தடவிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். பூப்பூவாக, பந்தல் பந்தலாக. அந்த விதைதான் காசு.

விதையில் இருப்பது கால்சிசின். இதை ஐரோப்பாவில் கால்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து 1820-ல் பிரித்தெடுத்தவர்கள் காவெந்துவும் பெல்லெத்தியேவும். அதே பெல்லெத்தியேதான்! மஞ்சளிலிருந்து ஒன்று, இதிலிருந்து ஒன்று, இடையில் ஐந்தே வருடம். ஒன்று இருநூறு வருடமாக நம்பிக்கையாகவே நிற்கிறது, மற்றது மருந்தாகிவிட்டது.

ஏன் என்றால், கால்சிசின் வாய் வழியாகவே ரத்தத்தில் போதுமான அளவு ஏறும். வெள்ளையணுக்கள் நகர்ந்து போக உள்ளே ஒரு சாரக்கட்டு வேண்டும். அந்தச் சாரத்தைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தை இது பிடித்துக்கொள்கிறது. சாரம் எழும்பாததால் அணுக்கள் மூட்டுக்குள் படையெடுக்க முடியாமல் நின்றுவிடுகின்றன. யூரிக் ஆசிட் வாதத்தில் ராத்திரி பெருவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூட அலறுகிறவருக்கு அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டு மூன்று வேலை செய்யும். மஞ்சளில் ஆயிரம் மில்லிகிராமுக்கும் திணறியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது இதயம் வரை வந்திருக்கிறது. மாரடைப்பு வந்த 4745 பேரிடம் தினமும் 0.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. மறுபடி இதயக் கோளாறு, பக்கவாதம் போன்றவை வந்தவர்கள் மாவு மாத்திரைப் பிரிவில் 7.1 சதவீதம், கால்சிசின் பிரிவில் 5.5 சதவீதம். 2023-ல் அமெரிக்கா இதை இதய நோய்க்கும் அனுமதித்தது. 2024-ல் இன்னும் பெரிய ஆய்வு ஒன்று, மாரடைப்பு வந்த சமயத்திலேயே ஆரம்பித்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை என்றது. விவாதம் இன்னும் முடியவில்லை.

முதுகுப் பிடிப்புக்கு டாக்டர்கள் எழுதும் தையோகால்சிகோசைட் மாத்திரையும் இந்த விதையில் இருந்து வருவதுதான். என் கடைக்கு வந்து அந்த மாத்திரையை வாங்கிப் போகும் அக்காக்களில் சிலர், அதன் பூவைக் கையால் தொட்டுக் காய்க்க வைத்தவர்கள்.

அப்படியானால் கண்வலி விதையையோ கிழங்கையோ நாமே பொடித்துச் சாப்பிடலாமா?

கூடாது. கூடவே கூடாது. பலன் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையில் இதில் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும், அப்புறம் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாக விழும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டும். இலங்கையில் நியங்கலா என்று சொல்லும் இதே கிழங்கை வேறு கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் செத்தவர்கள் உண்டு.

தோட்டத்தில் கிழங்கு வைத்திருக்கிறவர்கள் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வாந்தி ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டாக்டர் எழுதிய கால்சிசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கை இதோடு சேர்த்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

இஞ்சி, முடக்கத்தான், சல்லகி, மிளகாய்த் தைலம்?

இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும், சுக்கு இன்னும் கூர்மையாக உறைப்பது அதனால். மூட்டுவலிக்கு லேசான பலன் உண்டு. குமட்டலுக்குத்தான் இஞ்சி நிஜமாகவே கெட்டிக்காரி.

முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டிலும் வாரம் ஒருநாள் உண்டு. அந்தக் கீரை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எலியிலும் ஆய்வுக்கூடத் தட்டிலும் செய்தவை. கீரையாகச் சாப்பிடுங்கள்.

சல்லகி என்று டப்பாவில் எழுதி வருவது சாம்பிராணி இனத்து மரப்பிசின். மூட்டுத் தேய்மான வலி கொஞ்சம் குறைகிறது என்று சில நல்ல ஆய்வுகள் சொல்கின்றன.

மிளகாயின் காரமான கேப்சைசின் கலந்த களிம்பு அழற்சியைத் தொடுவதில்லை, வலியைச் சொல்லும் நரம்பை மரக்கச் செய்கிறது. முழங்காலுக்குப் பயன்படும். சில நாள் எரியும், அப்புறம் பழகும். பூசிய கையால் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்.

முடக்கு வாத மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

அந்த ஆத்தா கேட்டது இதைத்தான். அவர் சீட்டில் இருந்தது மெத்தோட்ரெக்சேட்.

வேண்டாம் ஆத்தா. முடக்கு வாதம் வலியோடு நிற்கும் நோய் அல்ல. அடங்காமல் விட்டால் மூட்டின் எலும்பையே அரித்துவிடும், அரித்தது திரும்ப வராது. விரல் கோணிப்போய், சேலை முந்தானையைச் செருக முடியாமல், டம்ளரைப் பிடிக்க முடியாமல் நிற்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மஞ்சள் வலியைக் கொஞ்சம் மறைத்துவிட்டு, உள்ளே எலும்பு அரிப்பு அதுபாட்டுக்கு நடந்தால் அதைவிடக் கொடுமை வேறு இல்லை. டாஸ்மேனியா ஆய்வு தேய்மான நோயாளிகளிடம் செய்ததுதான் என்றாலும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இதனால்தான்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒரு வார்த்தை. அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டுவிட்டு வாய் முழுக்கப் புண்ணோடு வந்தவர்கள் உண்டு, உயிர் போனதும் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பொட்டலமாக வரும் மூட்டுவலிப் பொடி சாப்பிட்டு இரண்டே நாளில் நடந்தேன், அது எப்படி?

இரண்டே நாளில் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. செடியில் இருக்கும் எதுவும் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பெயர், முகவரி இல்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டை இடித்துக் கலப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு அண்ணன் வந்தார், முகம் உருண்டையாக ஊதி, கை தோல் காகிதம் மாதிரி மெலிந்து, தொட்ட இடமெல்லாம் நீலம் கட்டி. ஒரு வருடமாகப் பொடி சாப்பிட்டாராம். சர்க்கரையும் புதிதாக வந்திருந்தது. இப்படிப்பட்ட பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள். உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரப்பதையே மறந்திருக்கும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

மஞ்சள் மாத்திரையை யார் தவிர்க்க வேண்டும்?

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் அடிக்கடி வருகிறவர்கள், கர்ப்பிணிகள். ஆபரேஷன் இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கல்லீரல் பற்றியும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் குழு ஒன்று, மஞ்சள் மாத்திரையால் வந்த 10 பேரின் விவரத்தை 2022-ல் வெளியிட்டது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. இத்தாலியிலும் 2019-ல் இப்படிப் பலர் பதிவானார்கள். இது அரிது. குழம்பு மஞ்சளால் அல்ல, செறிவூட்டிய மாத்திரையால் வருவது. ஆனால் மாத்திரை ஆரம்பித்தபின் சிறுநீர் அடர் மஞ்சளாகி, கண்ணும் மஞ்சளானால், பசி போனால், அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மஞ்சள் சாப்பிட்டதால்தான் மஞ்சளாக இருக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நல்ல மஞ்சள் தூள் எப்படி வாங்குவது?

வாங்காதீர்கள், அரைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோடு மஞ்சள் பக்கத்திலேயே கிடைக்கிறது. விரலி மஞ்சளை உடைத்துப் பாருங்கள். உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு, முறிக்கும்போது 'டக்' என்று சத்தம், மண்ணும் மரமும் கலந்த வாசனை. வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்தால் முடிந்தது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கிழங்கின் மேல் பளபளப்பு வர ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வங்கதேசத்தில் 2019-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் இது இருந்தது. அரசு அபராதமும் சோதனையுமாக இறங்கியபின் 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மனசு வைத்தால் இரண்டு வருடத்தில் முடிகிற காரியம். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கையில் எடுத்தால் எலுமிச்சை மஞ்சளாகக் கண்ணைப் பறிக்கிற கிழங்கு வேண்டாம், மங்கலானதே நல்லது.

மூட்டுத் தேய்மானத்துக்குக் குர்குமின் மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டுப் பார்க்கலாம்?

மேலே சொன்ன தடைகள் இல்லை, டாக்டருக்கும் தெரியும் என்றால் ஆறு வாரம். ஆரம்பிப்பதற்கு முந்தின வாரத்திலிருந்தே ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனை படி பிடிக்காமல் ஏற முடிந்தது, ராத்திரி வலியால் எத்தனை தடவை விழித்தேன். ஆறு வாரம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் தொடரலாம், கல்லீரல் பரிசோதனையோடு. மாறவில்லை என்றால் அந்தக் காசுக்கு முட்டை, கடலை, கீரை வாங்குங்கள், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆத்தாவுக்கு முடக்கு வாதம் என்பதால் இந்த யோசனையை அவருக்குச் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். மெத்தோட்ரெக்சேட் அட்டையில் 'ஞாயிறு மட்டும்' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ராத்திரி மஞ்சள் பால் குடிக்கலாமா என்று கேட்டார். தாராளமாகக் குடியுங்கள் என்றேன்.